காகிதத்தைத் தாண்டிப் போன கோடு

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜ பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கல்லூரி மாணவர் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திசைகாட்டும் கருவி செய்ய வேண்டும். கடையில் வாங்கிய ஒரு காந்த சென்சார் சிப்பை ஒயரில் கோத்து மேசை மேல் வைத்திருக்கிறார். எச்எம்சி5883எல் என்பது அதன் பெயர். நகத்தளவுகூட இருக்காது. மூன்று திசைக்கு மூன்று எண்கள் தரும்.

முதலில் எண்கள் ஒழுங்காக வருகின்றன. திடீரென்று மூன்றில் ஒரு எண் −4096 என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது. சிப்பை இப்படித் திருப்பினாலும் −4096, அப்படித் திருப்பினாலும் −4096. "சிப் போச்சு" என்று தோன்றும். ஆனால் சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மேசையில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது, அதற்குள் காந்தம் இருக்கிறது, அவ்வளவுதான். −4096 என்பது அளவு அல்ல. "என்னால் அளக்க முடிந்த எல்லையை இது தாண்டிவிட்டது" என்று சொல்வதற்காக அந்த சிப்பைச் செய்தவர்கள் வைத்த அடையாளம். அந்த சிப் −2048 முதல் 2047 வரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் போனால் பொய் எண் தராமல் −4096 என்று சொல்லிவிடுகிறது.

எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு இது தினசரி விஷயம். ஆனால் இதே பிரச்சினைக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. சிப் என்ற சொல்லே இல்லாத காலத்தில், 1859ஆம் ஆண்டு, உலகத்தின் நல்ல கருவிகள் சில இதே மாதிரி எல்லையைத் தாண்டிக் குருடாகிப் போயின. அந்த நேரத்தில் முழுக் கணக்கையும் எழுதி வைத்த இடம் நம் நாட்டில்தான் இருந்தது.

நகைக்கடைத் தராசும் விறகுக்கடைத் தராசும்

முதலில் ரேஞ்ச் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நகைக்கடைத் தராசு ஒரு குன்றிமணி எடையைக்கூடக் காட்டும். ஆனால் அதில் ஒரு மூட்டை அரிசியை வைக்க முடியாது. விறகுக்கடைத் தராசில் மூட்டையை வைக்கலாம், ஆனால் மோதிரத்தை வைத்தால் முள் அசையாது. இரண்டும் நல்ல தராசுகள்தான். எதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

காந்தப்புலத்தை அளக்கும் கருவிக்கும் இதே கதைதான். நுணுக்கமாக அளக்க வேண்டும் என்றால் எல்லை குறுகிவிடும். எல்லையை அகலமாக்கினால் நுணுக்கம் போய்விடும். இரண்டும் வேண்டும் என்று கேட்பவர் அதற்கு ஏதாவது விலை கொடுத்தே ஆக வேண்டும்.

பூமியின் காந்தப்புலம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 0.4 காஸ். விஞ்ஞானிகள் நானோ டெஸ்லா என்ற சிறிய அலகில் சொல்வார்கள். ஒரு காஸ் என்பது 1,00,000 நானோ டெஸ்லா. ஆகவே நம் ஊரில் சுமார் 40,000 நானோ டெஸ்லா என்று கணக்கு. இது நிலையான எண் அல்ல. தினமும் சூரியன் ஏறி இறங்கும்போது கொஞ்சம் ஏறி இறங்கும். எப்போதாவது ஒரு நாள், சூரியனில் வெடிப்பு நிகழ்ந்து அங்கிருந்து வரும் துகள்கூட்டம் பூமியைத் தாக்கும்போது, பெரிதாக ஆடும். அதற்குக் காந்தப் புயல் என்று பெயர்.

பட்டு நூலில் தொங்கிய காந்தம்

காந்தப்புலத்தை ஒழுங்கான அலகில் அளக்கும் வழியை 1832இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கார்ல் பிரெடரிக் காஸ் கண்டுபிடித்தார். காஸ் என்ற அலகே அவர் பெயர்தான். அந்தக் காலத்துக் கருவி மிக எளிமையானது. ஒரு காந்தக் கம்பியைக் கிடையாகத் தொங்கவிட வேண்டும். அதில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்ட வேண்டும். சில அடி தூரத்தில் ஒரு டெலஸ்கோப்பையும் ஓர் அளவுகோலையும் வைக்க வேண்டும். டெலஸ்கோப் வழியாகப் பார்த்தால் கண்ணாடியில் அளவுகோலின் எண் தெரியும். காந்தம் ஒரு முடியளவு திரும்பினாலும் எண் மாறிவிடும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. திசை அளக்கும் காந்தத்தைத் தொங்கவிட அந்த நூற்றாண்டில் பயன்பட்டது பட்டு! அதுவும் முறுக்கேற்றாத பட்டு இழை. தறிக்குப் போகும் பட்டு நூலுக்கு முறுக்கு வேண்டும், அப்போதுதான் பாவு தாங்கும். காந்தக் கருவிக்கு அதே முறுக்குதான் எதிரி. நூலில் முறுக்கு இருந்தால் ஈரக்காற்றில் அது பிரியப் பார்க்கும், காந்தத்தையும் கூடவே திருப்பிவிடும். அப்புறம் திரும்பியது பூமியின் காந்தத்தாலா, நூலின் முறுக்காலா என்று சொல்ல முடியாது.

1830களின் கடைசியில் பிரிட்டன் உலகம் முழுவதும் காந்த ஆய்வகங்கள் அமைக்க முடிவு செய்தது. கப்பல்களுக்குத் திசைகாட்டி முக்கியம், கடல் வாணிபத்துக்குக் கப்பல் முக்கியம். டொரான்டோ, செயின்ட் ஹெலினா, தென்னாப்பிரிக்காவின் கேப், ஹோபார்ட் என்று இடங்கள் தேர்வாயின. கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குக்குச் சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாய் ஆகிய இடங்களை ஏற்றுக்கொண்டது. இவற்றில் மிக நீண்ட காலம் நிலைத்தது பம்பாயின் கொலாபா. அங்கே 1841இல் காந்த அளவீடு தொடங்கியது.

கொலாபாவில் வேலை எப்படி நடந்தது? ஒருவர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். அடுத்த மணிக்கு மறுபடியும் படிக்க வேண்டும். இரவும் பகலும் இப்படித்தான். காந்தம் வழக்கத்துக்கு மாறாக ஆடுகிறது என்று தெரிந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்காமல் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, ரொம்ப ஆடினால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை படிக்க வேண்டும்.

1859 செப்டம்பர்

இங்கிலாந்துக்காரர்கள் இந்தச் சிரமத்திலிருந்து விடுபட ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காந்தத்தில் ஒட்டிய கண்ணாடியின் மேல் விளக்கு வெளிச்சத்தை விழ வைத்தார்கள். அது பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியை, கடிகார இயந்திரத்தால் சுழலும் ஓர் உருளையின் மேல் சுற்றிய போட்டோ காகிதத்தில் விழ வைத்தார்கள். ஆள் தூங்கினாலும் காகிதம் தூங்காது. லண்டனுக்குப் பக்கத்தில் கியூ, கிரீன்விச் ஆய்வகங்களில் இந்த முறை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய கணக்கில் அதிநவீனம்.

1859 செப்டம்பர் 1ஆம் தேதி காலை, இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். 11 மணி 18 நிமிடத்தை ஒட்டிப் புள்ளிகளுக்கு நடுவே கண் கூசும் வெள்ளை ஒளி தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தது. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொருவரும் வேறு இடத்திலிருந்து தனியாக இதைப் பார்த்தார். அதே நேரத்தில் கியூவின் காகிதத்தில் கோடு ஒரு சின்னத் துள்ளல் துள்ளியது. அந்தச் சின்னத் துள்ளலையும் பிடிக்கும் அளவுக்கு அந்தக் கருவி நுணுக்கமானது.

சுமார் பதினேழரை மணி நேரம் கழித்து உண்மையான தாக்குதல் வந்தது. வெப்பமண்டலம் வரைக்கும் துருவ ஒளி தெரிந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்தைக் கொண்டே செய்தி அனுப்பினார்கள். கியூவிலும் கிரீன்விச்சிலும் என்ன ஆயிற்று? ஒளிப்புள்ளி காகிதத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது! காகிதத்தில் வெறும் இடம்தான் மிச்சம். கோடு எங்கே போனது, எவ்வளவு தூரம் போனது, எதுவும் தெரியாது. காந்தம் ஒழுங்காக வேலை செய்தது, கண்ணாடியும் வேலை செய்தது. காகிதத்தின் அகலம்தான் போதவில்லை. அன்றைய −4096 அந்த வெற்றுக் காகிதம்தான்.

கொலாபாவில் அப்போது காகிதம் இல்லை. போட்டோ முறை அங்கே வந்ததே 1870களில்தான். ஆகவே அங்கே விளிம்பும் இல்லை. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவர் எண் ஓடுவதைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். செப்டம்பர் 2ஆம் தேதி, பம்பாய் நேரப்படி முற்பகல் பதினோரு மணியை ஒட்டி, காந்தப்புலத்தின் கிடைப் பகுதி வழக்கமான அளவிலிருந்து சுமார் 1,600 நானோ டெஸ்லா விழுந்தது. மொத்தத்தில் நான்கு சதவீதத்தை ஒட்டிய வீழ்ச்சி. கேட்பதற்குச் சின்னது போல இருக்கும். ஆனால் காந்தப் புயல் கணக்கில் இது பயங்கரம். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் நின்றதே, அந்தப் புயலின் உலகளாவிய அளவு எண் −589. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததே, அந்தப் புயல் சுமார் −400.

நோட்டில் கிடந்த எண்

கொலாபாவின் எண்கள் புத்தகமாக அச்சாகி அலமாரியில் கிடந்தன. 144 ஆண்டுகள் கழித்து, 2003இல் நாசாவின் புரூஸ் சுருதானி, பிரேசிலின் வால்ட்டர் கொன்சாலஸ், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்த குர்பக்ஷ் லகினா, சோபனா அலெக்ஸ் ஆகியோர் அந்த எண்களை எடுத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1859 புயலின் பலம் −1,760 வரை இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. "சூரியன் மிக மோசமாக நடந்துகொண்டால் எவ்வளவு மோசம்?" என்ற கேள்விக்கு, மின்கட்டமைப்பு, சாட்டிலைட் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது பம்பாயில் கையால் எழுதிய இந்த எண்ணைத்தான்.

இதில் ஒரு சண்டையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். புயலின் பலத்தைக் காட்டும் இன்றைய எண் ஒரு மணி நேரச் சராசரி. கொலாபாவில் எழுதியதோ அந்தந்த நிமிடத்து எண். வீழ்ச்சி சட்டென்று வந்து சட்டென்று மீண்டுவிட்டது. ஆகவே மணி நேரச் சராசரி எடுத்தால் 1,600 என்பது 850 முதல் 950 வரை குறைந்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நாள் ஒரு மணி நேரம் மட்டும் கடையில் கூட்டம் அலைமோதினால், மாதச் சராசரியில் அது தெரியாது அல்லவா? அது மாதிரிதான். அப்படிக் குறைத்தாலும் 1989ஐ விட இது பெரியது. சண்டை போடக்கூட ஒரு எண் வேண்டும். கியூவின் வெற்றுக் காகிதத்தை வைத்துக்கொண்டு இந்தச் சண்டையே போட முடியாது.

டிராம் வண்டி வந்தது

எல்லை என்பது மேல் பக்கம் மட்டும் அல்ல, கீழ்ப் பக்கமும் உண்டு. கொலாபாவுக்கு அடுத்து வந்த ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்து. பம்பாயில் மின்சார டிராம் ஓடப்போகிறது என்ற பேச்சு வந்தது. டிராமின் மின்சாரம் தண்டவாளத்திலும் மண்ணிலும் ஓடும், அதற்கும் காந்தப்புலம் உண்டு. பெரிய புயலை அளக்க அது தடையில்லை. ஆனால் தினசரி ஏற்ற இறக்கம் மாதிரியான நுணுக்கமான விஷயங்கள் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும்.

அப்போது ஆய்வகத்தின் இயக்குநர் நானாபாய் மூஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். நகரத்தோடு மல்லுக்கட்டாமல், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே அலிபாக்கில் புதிய ஆய்வகம் கட்டப்பட்டது. காந்தத்தைப் பாதிக்காத போர்பந்தர் கல்லால் கட்டடம் எழும்பியது. இரும்பு ஆணி கூடாது என்பதால் செம்பு, பித்தளையில் பொருத்தினார்கள். 1904இல் அலிபாக் வேலையைத் தொடங்கியது. ஆனால் கொலாபாவை உடனே மூடிவிடவில்லை. 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்ந்தே அளந்தார்கள். பழைய கணக்குப் புத்தகத்தை மூடிப் புதியதைத் திறக்கும்போது இருப்பை எடுத்து எழுதுவோமே, அந்த மாதிரி. இரண்டு கருவியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால்தான் 1841இலிருந்து வரும் கணக்கு அறுபடாமல் தொடரும். அலிபாக் இன்றும் அளந்துகொண்டிருக்கிறது.

மறுபடியும் மேசைக்கு

இப்போது சின்ன காஞ்சிபுரத்து மேசைக்குத் திரும்பலாம். அந்த சிப்புக்கு எட்டு ரேஞ்ச் உண்டு. மிகக் குறுகியது ±0.88 காஸ், மிக அகலமானது ±8.1 காஸ். சிப்பை ஆன் செய்ததும் ±1.3 காஸில் நிற்கும். குறுகிய ரேஞ்சில் ஒரு காஸுக்கு 1,370 படிகள். ±1.3இல் 1,090 படிகள். அகலமான ரேஞ்சில் வெறும் 230 படிகள். நகைக்கடைத் தராசும் விறகுக்கடைத் தராசும் ஒரே சிப்பில்!

−4096 வந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை ரேஞ்சை மாற்றுவது அல்ல. அலிபாக்காரர்கள் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: இடத்தை மாற்றுவது. ஸ்பீக்கர், மோட்டார், பீரோ, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். பூமியின் 0.4 காஸுக்கு ±1.3 தாராளம். அப்படியும் −4096 வந்தால், நகர்த்த முடியாத காந்தம் பக்கத்தில் இருக்கிறது என்றால், ரேஞ்சை ஒவ்வொரு படியாக அகலமாக்கலாம்.

ரேஞ்சை மாற்றும்போது இரண்டு இடத்தில் எல்லாரும் விழுவார்கள். ஒன்று, மாற்றியவுடன் வரும் முதல் அளவு பழைய ரேஞ்சில் எடுத்தது. அதை வீசிவிட்டு இரண்டாவதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, வகுக்கும் எண்ணையும் கூடவே மாற்ற வேண்டும். 0.4 காஸ் என்பது ±8.1 ரேஞ்சில் 92 படி. புரோகிராம் இன்னும் பழைய 1,090ஆல் வகுத்துக்கொண்டிருந்தால் 0.084 காஸ் என்று விடை வரும். பூமியின் காந்தம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தமா? இல்லை, ரூபாய்க் கணக்கை அணாக் கணக்கில் எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம். இந்தத் தப்பு −4096ஐ விட மோசம். −4096 தப்பு என்று கண்ணுக்குத் தெரியும். 0.084 நல்ல எண் மாதிரியே இருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எச்எம்சி என்று சொல்லி வாங்கும் பலகையில் பல நேரம் கியூஎம்சி5883எல் என்ற வேறு சிப் இருக்கும். அதன் ரேஞ்ச் இரண்டே இரண்டு, ±2 காஸும் ±8 காஸும். படிக் கணக்கும் வேறு, கூப்பிடும் முகவரியும் வேறு. எச்எம்சி 30ஆம் எண்ணில் பதில் சொல்லும், கியூஎம்சி 13ஆம் எண்ணில். 30இல் பதிலே இல்லை என்றால் புரோகிராமைத் திட்டுவதற்கு முன் 13ஐக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒரு கணக்கு. 1859 புயல் நாளை திரும்பி வந்தால் இந்த சிப் அதைப் பார்க்குமா? 1,600 நானோ டெஸ்லா என்பது 0.016 காஸ். ±1.3 ரேஞ்சில் அது சுமார் 17 படி, தெரியும். −4096 வந்துவிடக் கூடாது என்று பயந்து எப்போதும் ±8.1இலேயே வைத்திருந்தால் நாலு படிகூட வராது, சிப்பின் சொந்த நடுக்கத்தில் கலந்துவிடும். 2024 மே மாதப் புயல் அந்த ரேஞ்சில் ஒரு படிகூட இல்லை. கியூவின் தவறு எல்லை குறுகியது. எல்லையை எப்போதும் அகலமாகவே வைத்திருப்பது எதிர்ப்பக்கத்துத் தவறு. முதலாவதில் கோடு காகிதத்தை விட்டுப் போகும். இரண்டாவதில் கோடு காகிதத்திலேயே இருக்கும், ஆனால் அசையவே அசையாது.

2023 செப்டம்பர் 2ஆம் தேதி இஸ்ரோ ஆதித்யா எல்1ஐ ஏவியது. கொலாபாவில் அந்த எண்ணை எழுதிய தேதியும் செப்டம்பர் 2 என்பது தற்செயல்தான். அந்த விண்கலத்தில் ஆறு மீட்டர் நீளக் கை ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் அதை விரித்தார்கள். மூன்று மீட்டரில் ஒரு காந்த சென்சார், நுனியில் இன்னொன்று. அங்கே அளக்க வேண்டிய புலம் சாதாரண நாளில் சில நானோ டெஸ்லாதான். கலத்தின் சொந்தக் காந்தமே அதைக் கெடுத்துவிடும். அதனால்தான் அவ்வளவு நீளக் கை, அதனால்தான் இரண்டு சென்சார். இரண்டும் காட்டும் வித்தியாசத்தை வைத்துக் கலத்தின் பங்கைக் கழித்துவிடலாம். இரும்பை விட்டு விலகிப் போன அலிபாக், சேர்த்து அளந்து ஒப்பிட்ட கொலாபா, இரண்டும் அந்த ஒரு கையில் இருக்கின்றன.

அன்று பம்பாயில் டெலஸ்கோப்பில் கண் வைத்திருந்தவருக்கு, தான் எழுதுவது இவ்வளவு காலம் கழித்துத் தேவைப்படும் என்று தெரிந்திருக்காது. எண் வழக்கத்துக்கு மாறாக ஓடியபோது "கருவி கெட்டுவிட்டது" என்று நோட்டை மூடிவைக்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதினார். மேசையில் −4096 வரும்போது சிப்பைத் தூக்கி வீசுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.